டீகன் நோஸ்கியைக் கேட்காமல் ஒரு வழியனுப்பு விழா

பெண்கள் கூடைப்பந்து லீக்கின் இணையதளத்தில் இன்றைக்கும் இப்படித்தான் இருக்கிறது: "டீகன் நோஸ்கி, மெரிண்டா ஹெரன்ஸ் அணியின் நம்பர் 14. மின்னல் வேகத் தாக்குதல் ஆட்டக்காரர். தூரத்திலிருந்து கூடை போடுவதில் எதிரணிகளின் தூக்கத்தைக் கெடுப்பவர். கடற்கரையில் வளர்ந்தவர். ஓய்வு நேரத்தில் அலைச்சறுக்கு. பிடித்த உணவு சுஷி."

இதில் உண்மை என்று தேறுவது பெயரும் நம்பரும்தான். டீகன் வளர்ந்தது ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், விம்மெராவின் கோதுமை வயல்களுக்கு நடுவே. கடலுக்குப் போக வேண்டுமென்றால் காரில் நாலு மணி நேரம். சின்ன வயதில் ஒருமுறை போய், முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, "ஜில்லுன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கரையேறியவள், அதற்குப் பிறகு கடலைத் தொந்தரவு செய்யவில்லை. மின்னலைப் பற்றிச் சொல்வதென்றால், அவள் ஓடும்போது கூடவே ஓடி அவள் ஷூ நாடாவைக் கட்டிவிடலாம் என்று அவளுடைய கோச்சே சொல்லியிருக்கிறார். சுஷியில் வைக்கிற பச்சை மீனை அவள் தூண்டிலில் மாட்டுவதற்கான பொருளாகத்தான் கருதினாள்.

அந்த வாசகங்கள் வேறொரு பெண்ணுக்காக எழுதப்பட்டவை. அந்தப் பெண் முதல் ஆட்டத்துக்கு முன்பே முழங்கால் போய் ஊருக்குத் திரும்பிவிட்டாள். அவள் இடத்துக்கு டீகன் வந்தாள். பெயரை மட்டும் மாற்றினார்கள். சில வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் திருத்துங்களேன்" என்று டீகன் கேட்டாள். மறுவாரமே திருத்தினார்கள். அதுவரை சரியாக இருந்த அவளுடைய உயரம் தப்பாக மாறியது. அதோடு அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். அவளை நேரில் பார்த்தவர்கள் அதைப் படிப்பதில்லை, அதைப் படித்தவர்கள் அவளை நேரில் பார்த்ததில்லை. ஆகவே யாருக்கும் எந்தச் சிக்கலும் வரவில்லை.

அவள் உண்மையில் செய்தது வேறு வேலை. கூடை போடுகிறவளைத் துரத்திக்கொண்டு எதிரணிக்காரி ஒருத்தி வருவாள் அல்லவா, அந்த எதிரணிக்காரியின் வழியில் போய்க் கல்தூண் மாதிரி நிற்க வேண்டும். இதற்கு ஸ்கிரீன் என்று பெயர். நிற்கிறவள் அசையக் கூடாது, அசைந்தால் ஃபவுல். முழங்கையை நீட்டக் கூடாது, இடுப்பை வளைக்கக் கூடாது. இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, வருகிறவள் வந்து மோதும்வரை காத்திருக்க வேண்டும். வருகிறவள் பெரும்பாலும் முன்னால் பார்க்காமல்தான் ஓடி வருவாள். அவள் மோதி நிற்கும் அந்த அரை வினாடியில் நம் ஆட்டக்காரி தனியாகிவிடுவாள். பந்து அவள் கைக்குப் போகும், கூடையில் விழும், ஜனங்கள் எழுந்து கத்துவார்கள். தரையிலிருந்து எழுந்துகொண்டிருப்பவளை அப்போது யாரும் பார்ப்பதில்லை. புள்ளிவிவரத் தாளில் இதற்கென்று ஒரு கட்டமும் கிடையாது. ஓடுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் விளையாட்டில் டீகன் நிற்பதற்குச் சம்பளம் வாங்கினாள்.

மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் அணிக்கு இடி, நெருப்பு, புயல் என்று பெயர் வைத்தபோது, மெரிண்டாக்காரர்கள் தண்ணீரில் மணிக்கணக்காக அசையாமல் நிற்கும் நாரையின் பெயரை, ஹெரன் என்று, வைத்தார்கள். அந்தப் பெயருக்கு நியாயம் செய்தவள் அணியில் டீகன் ஒருத்திதான். அவளுக்கு ஸ்பான்சரும் கிடைக்கவில்லை, போஸ்டரில் இடமும் கிடைக்கவில்லை.

பதினெட்டு வயதில் அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவில் ஒரு கல்லூரி இலவசப் படிப்பு கொடுத்துக் கூப்பிட்டது. அங்கே நாலு குளிர்காலம் பந்தைவிடப் பனியை அதிகம் பார்த்தாள். திரும்பி வந்து மெரிண்டாவில் சேர்ந்தாள். நடுவில் ஒரு வருடம் ஸ்வீடனின் வடக்கே ஒரு அணிக்குப் போனாள். மைதானம் கண்ணாடி மாதிரி இருந்தது, சூரியன் இல்லை, ஈஸ்டருக்கு முன்பே அணியும் இல்லை. மறுபடி மெரிண்டா. கோடையில் ஹெரன்ஸ், குளிர்காலத்தில் மாநில லீக், இரண்டுக்கும் நடுவிலும் இரண்டோடு சேர்த்தும் தொடக்கப் பள்ளியில் ஆசிரியருக்கு உதவியாளர் வேலை. ஒரு கல்யாணம் நிச்சயம்வரை வந்தது. அந்த வருட ஆட்ட அட்டவணை வந்ததும் போனது. முப்பத்து நாலு வயதில் அவளுக்கு நேராக நிமிராத விரல்கள் இரண்டு. மூக்கு மூன்று முறை உடைந்தது. அதில் ஒருமுறை உடைத்தது சொந்த அணிக்காரி. காலையில் மாடிப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டுதான் இறங்குவாள், முழங்காலுக்கு அதுதான் சௌகரியம்.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் "எனக்குப் போதும்டா சாமி" என்பாள். ஒவ்வொரு ஏப்ரலிலும் புது ஷூ வாங்குவாள். இரண்டையும் அவள் மனப்பூர்வமாகத்தான் செய்தாள்.

இந்தக் கதை நடந்த பிப்ரவரியில் வெயில் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை ஹெரன்ஸுக்கு ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாத சனிக்கிழமையில் இரும்புச் சாமான் கடை வாசலில் அடுப்பு போட்டு, ரொட்டித் துண்டில் சாசேஜ் வைத்து விற்று கிளப்புக்கு நிதி சேர்ப்பது வழக்கம். தேசிய லீக்கில் ஆடும் பெண்கள் சாசேஜ் சுட வேண்டுமா என்று மெல்போர்னில் யாராவது கேட்கலாம். மெரிண்டாவில் யாரும் கேட்டதில்லை, சுடாவிட்டால்தான் கேட்பார்கள். டீகன் இடுக்கியோடு நின்றாள். பக்கத்தில் கிளப் தலைவி மார்லீன் குவிக் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். மார்லீனுக்கு அறுபத்தைந்து வயது. கிளப்பில் அவள் செய்யாத வேலை பந்தைக் கூடையில் போடுவது மட்டும்தான்.

வரிசையில் கெல்வின் பிரௌஸ் வந்தார். ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர். ஆட்டத்துக்கு ஆட்டம் முதல் வரிசையில் உட்கார்ந்து நடுவர்களின் கண்பார்வை குறித்து இலவசமாக அபிப்பிராயம் சொல்கிறவர்.

"வாழ்த்துக்கள் கண்ணு," என்றார்.

"எதுக்கு?"

"ஓய்வுக்குத்தான். நல்ல முடிவு. நான் ரிட்டயர் ஆனப்ப ஒரு வாரம் தூங்கினேன். அப்புறம் வீட்ல சண்டை. நீயும் பாத்து இருந்துக்கோ."

"யாரு ஓய்வு?"

"நீதான்மா. ஹால் கதவுல உன் மூஞ்சிய இத்தாம் பெருசா ஒட்டியிருக்காங்களே. 'நன்றி டீகன். அடுத்த சனிக்கிழமை கடைசி ஆட்டம்.' நல்ல போட்டோ. மூக்கு நேரா இருக்கறப்ப எடுத்தது போல." சாசேஜைக் கையில் வாங்கிப் பார்த்தார். "வெங்காயம் எங்க?"

"கீழ இருக்கு," என்றாள் டீகன். வெங்காயத்தை சாசேஜுக்குக் கீழேதான் வைக்க வேண்டும், மேலே வைத்தால் தரையில் விழுந்து யாராவது வழுக்கிவிடுவார்கள் என்று கடைக்காரர்கள் கட்டளை போட்டிருந்தார்கள். அவ்வளவு முன்யோசனை உள்ள ஊர் அது.

கெல்வின் நகர்ந்ததும் டீகன் திரும்பினாள். மார்லீன் வெங்காயத்தைத் தேவைக்கு மேல் கிளறிக்கொண்டிருந்தாள்.

"மார்லீன்?"

"கோச் வாரிக் உன்கிட்ட சொல்லலையா?"

"என்ன சொல்லணும்?"

"உன்கிட்ட பேசிட்டதா... இரு, லாக்கி பேசறேன்னான். இல்ல, வாரிக் பேசினதாதான் லாக்கி சொன்னான்." மார்லீனின் கழுத்து சிவந்தது. அடுப்பின் சூடு காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். "கமிட்டில எல்லாரும் கைய தூக்கினாங்கம்மா. ஒருத்தர்கூட எதிர்ப்பு இல்ல."

"என்னைத் தவிர."

"நீ கமிட்டில இல்லையே, கண்ணு."

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு முன்னால் மூன்று பேரையும் ஹாலின் சிற்றுண்டி அறையில் பிடித்தாள். கோச் வாரிக் டல்லி தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் லாக்கி ஃபிட்ச் இருபத்தொன்பது வயதுக்காரன்; நல்லவன், எதையும் உடனே செய்துவிடுகிறவன், அதுதான் அவனிடம் உள்ள கஷ்டம். மார்லீன் ஒரு தட்டு பிஸ்கட்டோடு வந்திருந்தாள், சாவு வீட்டுக்கு வருவதுபோல.

"நீதான டீக்ஸ் போன வருஷம் போதும்னு சொன்ன," என்றான் லாக்கி. "என் காதால கேட்டேன்."

"மூக்கு உடைஞ்சு ஆம்புலன்ஸ்ல படுத்திருந்தேன் லாக்கி. அப்ப எவ வேணாலும் போதும்னுதான் சொல்லுவா."

"அதுக்கு முந்தின வருஷமும் சொன்ன," என்றார் வாரிக், கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீங்களும்தான் வருஷா வருஷம் சிகரெட்ட விடறேங்கறீங்க. உங்களுக்கு நாங்க விழாவா எடுத்தோம்?"

மார்லீன் பிஸ்கட்டை நகர்த்தி வைத்தாள். யாரும் எடுக்கவில்லை.

"வேண்டாம்னா நிறுத்திடலாம்," என்றான் லாக்கி. சொல்லும்போதே அவன் முகத்தில் பட்டியல் ஓடியது, பிறகு வாயிலும் ஓடியது. டிக்கெட் முழுக்க விற்றுவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெரிய துணியில் பேனர் வரைந்துவிட்டார்கள். டீகனின் முகத்தை அட்டையில் முகமூடியாக வெட்டி நானூறு பேருக்குத் தயார் செய்துவிட்டார்கள். பழைய ஆட்டக்காரிகள் கான்பெராவிலிருந்து வருகிறார்கள். "அப்புறம் உங்க அப்பா அம்மாவுக்கு மோட்டல் போட்டாச்சு."

"எங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

"போன மாசமே சொல்லிட்டேன். ரொம்ப உருகிட்டார்."

ஆக, நாலு மணி நேரத் தொலைவில் வயலில் இருக்கும் நெவில் நோஸ்கிக்கு மகளின் ஓய்வு ஒரு மாதமாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் மழையைப் பற்றிப் பேசினாரே தவிர, இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தார். அந்தப் பக்கத்து மனிதர்கள் மரியாதை காட்டுவது அப்படித்தான்.

டீகனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது களைப்பு. நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவரில் ஆட்ட அட்டவணை ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒன்று உறைத்தது.

"சனிக்கிழமை ஜெயிச்சா செமிஃபைனலுக்குப் போறோம், இல்ல?"

மூன்று பேரும் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கணக்குப்படி ஆமா," என்றார் வாரிக் மெதுவாக.

"அப்ப அடுத்த சனிக்கிழமை பெர்த்ல ஆட்டம். வழியனுப்பி வெச்ச ஆளு திரும்பி வந்து ஆடுவாளா? இல்ல பேனருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கணுமா?"

மெரிண்டா செமிஃபைனலுக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. எதிரே வருவது கடலோர நகரத்து அணி, பட்டியலில் முதல் இடம். விழாவுக்கு நாள் குறித்தபோது, அது சொந்த ஊரில் கடைசி ஆட்டம், ஆகவே கடைசி ஆட்டம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஜெயித்தால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

"அது வந்து... அது நல்ல பிரச்சினை," என்றான் லாக்கி.

தன்னைக் கேட்காமல் தன்னை அனுப்பிவைத்ததை டீகன் மன்னித்துவிட்டாள்; மன்னிப்பது சண்டை போடுவதைவிடச் சுலபம், உட்கார்ந்தபடியே செய்யலாம். ஆனால் அணி தோற்கும் என்று வைத்துப் பூவுக்கும் பலூனுக்கும் சொல்லிவிட்டார்களே, அதை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை.

"விழா நடக்கட்டும்," என்றாள். "ஜெயிச்சா நான் எங்கயும் போகல. தோத்தா நீங்க சொன்ன மாதிரியே ஆகட்டும்."

சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான், தன் பிழைப்பை ஒரே ஒரு ஆட்டத்தின் மேல் வைத்துவிட்டது அவளுக்கே தெரிந்தது.

அந்த வாரம் முழுக்க அவளுக்குள் யாரிடமும் சொல்ல முடியாத ஒரு யோசனை வந்து வந்து போனது. தோற்றுவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம், எதையும் தீர்மானிக்க வேண்டாம். அழுவதற்கு ஆட்கள் தயார், கைதட்ட ஆட்கள் தயார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து படியில் முன்பக்கமாகவே இறங்கப் பழகலாம். அதற்காக அவள் எதுவும் செய்யவும் வேண்டியதில்லை. ஸ்கிரீன் போடுகிறவள் அரை அடி தள்ளி நின்றாலே போதும், துரத்துகிறவள் உரசிக்கொண்டு கடந்துவிடுவாள். டி.வி.யில் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் தெரியாது. அவள் வேலையை யாரும் கவனிப்பதில்லை என்பதில் இப்படி ஒரு வசதி இருப்பது அவளுக்கு இத்தனை வருடம் தோன்றியதே இல்லை.

சனிக்கிழமை ஹாலில் ஆயிரத்து எண்ணூறு பேர். ஏர்கூலர் வழக்கம்போல சத்தத்தை மட்டும் கொடுத்தது. இரண்டு அணியும் எதிரெதிரே வரிசையாக நின்று கைதட்ட, நடுவே டீகன் நடந்து வர வேண்டும். அது அங்கே மரியாதை. நானூறு டீகன்கள் அட்டை முகத்தோடு அவளைப் பார்த்தார்கள். எல்லா மூக்கும் நேராக இருந்தன. வரிசையின் கடைசியில் எதிரணியில் கூடைக்கு அடியில் ஆடும் நெட்டை சென்டர் ரெனாட்டா கோவாச் நின்றாள். பத்து வருடமாக இருவரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டே பழகியவர்கள்.

"நிஜமாவே போறியாடி?" என்றாள் ரெனாட்டா, தட்டுகிற கையை நிறுத்தாமல்.

"தெரியல. நீங்க எப்படி ஆடறீங்கன்னு பாத்துச் சொல்றேன்."

"என்னடி உளர்ற?"

"நாங்க தோத்தா போறேன்."

ரெனாட்டா இதை யோசித்தாள். "அப்ப நான் ஒன்னும் பண்ண முடியாது. எங்களுக்கும் முதலிடம் வேணும்."

"யார் உன்னைக் கேட்டா?"

முதல் பாதி லாக்கியின் திட்டப்படியே போனது. கடலோரக்காரிகள் பதினொரு புள்ளி முன்னே இருந்தார்கள். இடைவேளையில் நெவில் நோஸ்கி படிக்கட்டு வரிசையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார், விளம்பரத்துக்கு எடுத்த படம் மாதிரி. மூன்றாம் கால்பகுதியில் மெரிண்டாவின் இண்டி கப்புவானோவுக்குக் கை வந்தது. இருபத்திரண்டு வயது, போட்டதெல்லாம் விழும் நாள் அவளுக்கு மாதத்தில் ஒன்று வரும், அன்று வந்தது. டீகன் நின்றாள், இண்டி போட்டாள். டீகன் வேறிடத்தில் நின்றாள், இண்டி மறுபடி போட்டாள். நிற்கும்போது யோசனை ஒன்றும் வரவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் கால்கள் சரியான இடத்துக்குத் தாமாகப் போய்விட்டன. அரை அடி தள்ளி நிற்பதற்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது, அதற்கு நேரம் இருக்கவில்லை.

கடைசிக் கால்பகுதியில் ரெனாட்டாவின் தோள் டீகனின் மூக்கில் பட்டது. உடையவில்லை, ஆனால் ரத்தம் கொட்டியது. சட்டையில் ரத்தம் இருந்தால் ஆட விடமாட்டார்கள், மாற்ற வேண்டும். அதற்கென்று ஒவ்வொரு அணியும் பெயர் இல்லாத மாற்றுச் சட்டை ஒன்று வைத்திருக்கும். மார்லீன் பெட்டியைக் குடைந்து அதை எடுத்தாள். நம்பர் 55. முதுகு வெறுமை. யாருக்கோ தைத்தது, தோளில் இறுக்கியது.

"ஐயோ, இன்னிக்குப் போயா," என்றாள் மார்லீன், பஞ்சை அவள் மூக்கில் திணித்தபடி. கண் கலங்கியிருந்தது. "எல்லாத்துலயும் பதினாலுன்னு போட்டு வெச்சிருக்கோம்மா. கேக்லகூட."

"கேக்கை யாரும் ஆட விடலையே. தள்ளுங்க, நான் போறேன்."

அறிவிப்பாளர் புதியவர். "மெரிண்டாவுக்கு மாற்று ஆட்டக்காரர், நம்பர் ஐம்பத்தைந்து..." என்று தொடங்கித் தாளைப் புரட்டி, அப்படியே விட்டுவிட்டார். அரங்கில் பாதிப் பேர் டீகனுக்கு அடி பலம், உள்ளே போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள். நானூறு பேர் டீகனின் முகத்தை மாட்டிக்கொண்டு டீகனைத் தேடினார்கள்.

ஒன்பது வினாடி மிச்சம். ஒரு புள்ளி பின்னே. பந்து மெரிண்டா கையில். வாரிக் நேரம் கேட்டு எல்லோரையும் கூட்டி, சின்னப் பலகையில் கோடு போட்டார்.

"இண்டி இங்கிருந்து ஓடி வர்றா. டீக்ஸ் இங்க நிக்கறா. பந்து இண்டிக்கு. அவ்ளோதான்." பேனாவை மூடிவிட்டு டீகனைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். இந்த மாதிரி நேரத்தில் சொல்ல வேண்டிய வாசகங்கள் அவருக்குத் தெரியும். ஆனால் தானும் கைதூக்கி அனுப்பிவைத்த ஒருத்தியிடம் எதைச் சொல்வது? "மூக்கு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்கு."

இண்டி டீகனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "டீக்ஸ், போன தடவை என்னைத் துரத்தறவ என் மேலயே ஏறிட்டா. கொஞ்சம் கெட்டியா நில்லேன்."

"எப்பவும் கெட்டியாத்தாண்டி நிக்கறேன். நீதான் என்னை ஒட்டி ஓடாம, சந்தைக்குப் போற மாதிரி சுத்திக்கிட்டுப் போற. என் தோள்ல உன் தோள் உரசணும், தெரியுதா?"

"சரி."

"போடறப்ப என்னைப் பாக்காத. நான் தரைல இருப்பேன்."

விசில். டீகன் தன் இடத்துக்குப் போனாள். வலது முழங்கால் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னது. எதிரே இண்டி கிளம்பினாள், அவள் பின்னால் எதிரணியின் துரத்துகிறவள், இண்டியையே பார்த்தபடி முழு வேகத்தில் வந்தாள். அரை அடி. வாரம் முழுக்க வந்த யோசனை கடைசியாக ஒருமுறை வந்தது. நகர்ந்தால் எல்லாம் முடியும். வெளியே பூ இருக்கிறது, கேக் இருக்கிறது, அப்பா இருக்கிறார். இப்படி முடிந்தால் இந்த ஊரில் யாருக்கும் அவள்மேல் ஒரு வருத்தமும் இருக்காது.

டீகன் கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டாள். இண்டி அவள் தோளை உரசிக்கொண்டு போனாள். அடுத்த கணம் துரத்தி வந்தவள் சுவரில் மோதுவதுபோல் மோத, இருவரும் தரையில் விழுந்தார்கள். கீழே கிடந்தபடி டீகன் பார்த்தது கூரையில் ஓடும் இரும்புச் சட்டங்களை. பந்து விழுந்ததை அவள் பார்க்கவில்லை, சத்தத்தில் தெரிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை விழா என்று சொல்வதா, வேறென்ன என்று சொல்வது என்பதில் மெரிண்டாவில் இன்னும் யாரும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஒலிபெருக்கியும் நாற்காலிகளும் வந்துவிட்டன, நிறுத்த வழியில்லை. லாக்கி தயாரித்து வைத்திருந்த உரையைப் படித்தான். "இன்றைய முடிவு நமக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும்" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினான். கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான், வேறென்ன செய்வான். அடுத்த பக்கத்தில் "இனி அவளை நாம் ஆடுகளத்தில் காண மாட்டோம்" என்று இருந்தது. அதைத் தாண்டிப் படித்தான். சட்டம் போட்ட நம்பர் 14 சட்டையை மார்லீன் கொடுக்க, நம்பர் 55 சட்டையில் டீகன் வாங்கிக்கொண்டாள். தோழிகள் அவளைத் தோளில் தூக்கிச் சுமந்து போக வேண்டும், அது வழக்கம். நாலு பேர் தூக்கினார்கள்.

"எறக்குங்கடி."

"சும்மா இருடி, வழக்கம்."

"இண்டி, உன் தோள் பெர்த்துக்கு வேணும். எறக்கு."

அப்பா கூட்டம் கலையும்வரை காத்திருந்து வந்தார். கைக்குட்டை இன்னும் மடிப்பு கலையாமல் இருந்தது.

"ஒரு மாசமா அழறதுக்கு ரெடியா இருந்தேன் பொண்ணே. இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"வெச்சுக்கோங்கப்பா. எப்பவாவது தேவைப்படும்."

"அப்ப நீ நிறுத்தல."

"தெரியலப்பா. யாராவது என்னைக் கேட்டா யோசிப்பேன்."

நெவில் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பினார். விம்மெராவில் ஒருவரிடம் நேராகக் கேள்வி கேட்பது அவ்வளவு லேசான காரியமில்லை.

"நிறுத்தப் போறியா?"

டீகன் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முழங்காலில் பனிக்கட்டிப் பையை வைத்துக் கட்டினாள். "அம்மா எங்க?" என்று கேட்டாள்.

"கேக் வெட்டிக்கிட்டு இருக்கா. வீணாப் போகுமேன்னு."

மறுநாள் பத்திரிகையில் இண்டியின் படம் வந்தது. கைகளை விரித்துக்கொண்டு ஓடுகிறாள். படத்தின் கீழ் ஓரத்தில், தரையில், யாருடையதோ ஒரு ஷூ தெரிந்தது. டீகனின் கணக்கில் புள்ளி இரண்டு, ஃபவுல் மூன்று. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் கட்டிலை விட்டு எழவில்லை. போன் ஏழெட்டு முறை அடித்தது. லாக்கி இரண்டு முறை, மன்னிப்புக் கேட்க ஒன்று, பெர்த் விமானத்துக்கு அவள் பெயரைக் கொடுக்கலாமா என்று கேட்க ஒன்று. இரண்டாவதற்கு மட்டும் போனை எடுத்து, "கொடு" என்றாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு டீகன் நோஸ்கி பயிற்சிக்குப் போனாள்.